ஒன்பதாங்கட்டையில் எடுத்த சிரிப்பு

அமலதாஸுக்குத் தோட்டத்துச் சனங்களைக் கண்டாலே ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் பிறந்ததே ஜெராமுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். அப்பா ராஃபேல் அங்கே கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். கிராணி வீடு கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்திலிருந்து நூறு கெஜம் தள்ளி, தரையிலிருந்து மூன்று படி உயரத்தில் இருந்தது. அந்த மூன்று படியும் பையனுடைய மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. பதினோரு வயதில் கிள்ளானில் பாதிரியார்களின் விடுதிப் பள்ளிக்குப் போனான். அங்கிருந்து கோலாலம்பூரில் தொழிற்கல்லூரிக்கு. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "கோலசிலாங்கூர்" என்பான். தோட்டத்தின் பெயரை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவான்.

ஐம்பத்திரண்டாம் வருடம் அவனுக்கு இருபது வயது. கல்லூரியில் ஆறு வார வேலைப் பயிற்சிக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். மற்றவர்கள் ரேடியோ கடைக்கும் மின்சார நிலையத்துக்கும் போக, இவனுக்கு அரசாங்கத்துக்காகப் படம் பிடிக்கும் ஓர் அலுவலகம் கிடைத்தது. கையில் கேமராவைக் கொடுத்ததும் ஐயாவுக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினான். நடையை மாற்றினான். அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் பாதியை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தான்.

மலாயாவில் அது அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டையில் தோட்டத்துச் சனங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி. வாசலில் சோதனை. காட்டுக்காரனுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொடுத்தாய் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். விசாரணை, வழக்கு என்று எதுவும் கிடையாது. இப்படியெல்லாம் செய்துவிட்டு, சனங்களின் மனதைக் குளிரவைக்க அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பாட்டுக்கச்சேரி நடத்தியது. ஒரு அக்கார்டியன்காரர், ஒரு தபேலாக்காரர், ஜிகினாச் சேலையில் பாட்டுக்காரி மாடில்டா, சட்டைக்குள் தலையணை வைத்துக்கொண்டு குப்புற விழும் ஒரு கோமாளி. பாட்டுக்குப் பாட்டு நடுவில் அந்தக் கோமாளி அரிசி கடத்தக் கூடாது என்று புத்தி சொல்வான். ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் கச்சேரி மத்தியானம் இரண்டு மணிக்கு, மொட்டை வெயிலில் நடக்கும். அந்தக் கச்சேரியைப் படம் பிடித்து எல்லாச் சினிமாக் கொட்டகைகளிலும் காட்ட வேண்டும். அதுதான் அமலதாஸ் பயிற்சிக்குப் போன வேலை.

அந்த அலுவலகத்துக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே, அமலதாஸுக்கு மேலே இருந்த கேமராக்காரர் சிவானந்தம். யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருடம் கேமரா பிடித்து அலுத்துப்போனவர். வண்டியின் முன்சீட்டில் கால் நீட்டித் தூங்குவதுதான் அவருக்குப் பிடித்த உத்தியோகம். ஆனால் ஆறு வாரம் முடிந்து பையன் தேறுவானா என்று எழுதிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"தம்பி, பாட்டுக்காரியை ஆரும் எடுப்பான். துரைக்கு வேணும் எண்டுறது சனத்தின்ர சிரிப்பு. சிரிச்ச முகம் அரை நிமிசத்துக்குக் கொண்டு வா, உனக்கு இங்கயே நிரந்தர வேலை எண்டு எழுதித் தாறன். இல்லையெண்டால் நல்லபடியா வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்று அமலதாஸுக்குத் தெரியும். ராஃபேல் தம் தோட்டத்து மேனேஜரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பால் நிறுக்கும் கொட்டகையில் சின்னக் கிராணி வேலை. காலை பத்து மணிக்கு ரப்பர் பால் நாற்றத்தில் நின்றுகொண்டு, எவள் வாளியில் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட ஆற்றில் விழுந்து சாகலாம் என்று அவன் நினைத்தான். சாவதற்கெல்லாம் துணிந்தவன் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குப் போகாமல் இருக்க வேறு எதையும் செய்வான்.

முதல் கச்சேரி புளியமரத்துத் தோட்டத்தில் நடந்தது. முந்நூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோமாளி வழுக்கி விழுந்தான், சனம் கொல்லென்று சிரித்தது. அமலதாஸ் மேடைப் பக்கம் இருந்த கேமராவை அவசரமாகச் சனத்தின் பக்கம் திருப்பினான். முந்நூறு பேரும் சொல்லி வைத்தாற்போல வாயை மூடினார்கள். முதுகை நிமிர்த்தினார்கள். முகவாயைத் தூக்கிக் கேமராவையே முறைத்தார்கள். ஒரு கிழவர் மடியிலிருந்து அடையாளக் கார்டை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களும் கார்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

கேமராவை மேடைக்குத் திருப்பினால் பின்னால் சிரிப்பு. சனத்தின் பக்கம் திருப்பினால் சாவு வீடு. இப்படி ஏழெட்டுத் தடவை நடந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? நாலு வருடத்துக்கு முன்னால் அடையாளக் கார்டுக்காகப் பட்டாளத்துக் காவலோடு ஒருவன் கேமரா கொண்டுவந்தான். அசையாதே, பல்லைக் காட்டாதே, நேரே பார் என்று அதட்டி அதட்டி எல்லோரையும் படம் பிடித்துப் போனான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தப் பக்கம் கேமரா என்று ஒன்று வந்ததில்லை. கேமரா வந்தால் இப்படித்தான் உட்கார வேண்டும் என்று அரசாங்கமே சொல்லிக்கொடுத்ததை அவர்கள் மறக்காமல் செய்தார்கள். நிறையப் படித்த அமலதாஸுக்கு இது எட்டவில்லை. "மாட்டுச் சனம்," என்று கேமராவின் பின்னால் நின்று பல்லைக் கடித்தான்.

எடுத்த படத்தை அலுவலகத்தில் போட்டுப் பார்த்தபோது துரை பாதியிலேயே எழுந்து போய்விட்டார். சிவானந்தம்தான் பேசினார். "இதென்ன தம்பி, செத்த வீடே? இன்னும் ஒரு கச்சேரிதான் கிடக்கு உனக்கு."

அமலதாஸ் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கேமராவைப் பார்த்தால்தானே இந்தச் சனியன்கள் விறைத்துப் போகின்றன? பார்க்காமல் இருந்தால்? அலுவலகத்தின் படவண்டி நாலு பக்கமும் தகரம் அடித்த பெட்டிவண்டி. பின்பக்கம் இரட்டைக் கதவு. அந்தக் கதவைத் திறந்துவிட்டு, குறுக்கே கறுப்புத் துணி கட்டி, லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, உள்ளே உட்கார்ந்து எடுத்தால் எவனுக்குத் தெரியும்? கோலசிலாங்கூர் கடைத்தெருவில் இருப்பதிலேயே மலிவான கறுப்புத் துணியாகப் பார்த்து நாலு கெஜம் வாங்கினான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, அப்பாவுக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டான்.

அந்தக் கச்சேரி ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில். ஒன்பதாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே நடந்தது சுற்று வட்டாரம் முழுக்கத் தெரியும். ராஃபேல்கூட மகனுக்கு விவரமாக எழுதியிருந்தார். மகன்தான் அப்பாவின் கடிதத்தில் முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லையே.

நடந்தது இதுதான். ஒரு நாள் விடிந்ததும் போலீஸ் வந்து தோட்டத்தை வளைத்துக்கொண்டது. திடலில் ஒரு பெட்டிவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்கதவில் கறுப்புத் துணி, துணியில் ஓட்டை. உள்ளே காட்டிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. வேறு இடங்களில் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டியே காட்டிக்கொடுத்தவர்களைப் போல அவனையும் சனங்கள் தலையாட்டி என்றார்கள். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றுவிட்டுப் போக வேண்டும். உள்ளிருந்து தகரத்தில் ஒரு தட்டு என்றால் போகலாம். இரண்டு தட்டு என்றால் லோரியில் ஏற வேண்டும். அன்றைக்குப் பதினோரு பேர் லோரியில் ஏறினார்கள். அதில் ஒருவன் செல்லன், நல்லம்மாளின் புருஷன். அவன் என்ன செய்தான் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. முகாமிலிருந்து இரண்டு வருடத்தில் இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் பாதி வரிகளை மையால் அடித்திருந்தார்கள்.

அதே திடலில்தான், மேடையை ஒட்டி, சனத்துக்கு எதிரே நம் மேதாவி வண்டியை நிறுத்தினான். பின்கதவைத் திறந்து துணியைக் கட்டினான். சிவானந்தம் முன்சீட்டில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். துரை பங்களாவில் மேனேஜரோடு பீர் குடிக்கப் போனார். கச்சேரிக்குக் காவல் வந்த நாலு போலீஸ்காரர்கள் நிழலைத் தேடி நின்றார்கள். சனங்கள் வந்து உட்கார்வதற்கு முன்பே அமலதாஸ் உள்ளே புகுந்துவிட்டான். தகரப் பெட்டிக்குள் வெயில் அடுப்பாகக் காய்ந்தது. சட்டையைக் கழற்றினான். பிறகு காற்சட்டையையும் கழற்றிவிட்டு, பனியனும் உள்காற்சட்டையுமாகப் படப்பெட்டியின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தான். துணியின் சாயம் வியர்வையில் கரைந்து மூக்கிலும் நெற்றியிலும் ஒட்டியது. அதை அவன் கவனிக்கவில்லை.

சனங்கள் வந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். துணியையும் பார்த்தார்கள்.  வண்டிக்கு எதிரே பத்தடி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மாடில்டா பாட ஆரம்பித்தாள். கோமாளி விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து இன்னொரு தடவை விழுந்தான். பாவம், முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம்.

அமலதாஸுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப என்னடா வந்துச்சு உங்களுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராவுக்குச் சாவி கொடுத்தான். அது சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடும் கேமரா. கடைசிச் சுற்றில் அவன் முழங்கை தகரத்தில் இடித்தது. டங் என்று ஒரு சத்தம், இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் திடலில் கேட்ட அதே சத்தம்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். மடியிலிருந்து கார்டை எடுத்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர் எழுந்தார். மண்டோர் சன்னாசி, அதாவது வேலைக்காரர்களை மேய்க்கும் ஆள், பழக்கதோஷத்தில் ஓடிவந்து வரிசையைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா! கார்ட கையில எடு. புள்ளய எறக்கி விடு, வேலம்மா. தள்ளாத லா!"

கச்சேரிக்கு வந்த கூட்டம் மேடையை விட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் வரிசை பிடித்து நின்றது. மாடில்டா பாட்டின் நடுவில் நிறுத்தினாள். அக்கார்டியன் மட்டும் சும்மா இழுத்துக்கொண்டிருந்தது. காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் இது நிகழ்ச்சியில் ஒன்று போல என்று நினைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

உள்ளே இருந்தவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. லென்ஸுக்கு முன்னால் ஒரு முகம் வந்து நின்றது. கார்டைக் காட்டியது. அப்புறம் போனது. இன்னொரு முகம் வந்தது. நாலாவது முகத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. தலையாட்டி வண்டி என்பதைக் கேள்விப்படாதவன் அல்ல அவன், துணியைக் கட்டும்போது அது நினைப்புக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் மனுஷனாகப் பிறந்த எவனும் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஐயையோ, இது படம் புடிக்கிற வண்டிங்க, போயி உக்காருங்க," என்று சொல்லியிருப்பான். அமலதாஸுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நல்ல வெளிச்சத்தில், முகங்கள் தாமாகவே ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. எந்தக் கேமராக்காரனுக்கு இந்த அதிர்ஷ்டம் வரும்? சிரிப்பு ஒன்றுதான் குறை.

துணியின் ஓரமாக வாயை வைத்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னான். "மண்டோர்! எல்லாரையும் சிரிக்கச் சொல்லு."

சன்னாசி ஒரு கணம் விழித்தான். பிறகு வரிசையைப் பார்த்துக் கத்தினான். "உள்ள இருக்குறவரு சிரிக்கச் சொல்றாரு! சிரிச்சுக்கிட்டே போங்க!"

அவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொருவராக வந்து நின்று, கார்டைக் காட்டி, பல்லைக் காட்டி, ஒரு தட்டா இரண்டு தட்டா என்று காது கொடுத்துக் காத்திருந்துவிட்டுப் போனார்கள். உதடு விரிந்த அளவுக்குக் கண்ணும் பயத்தில் விரிந்திருந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே மூத்திரம் போய்விட்டாள். அமலதாஸ் சாவி கொடுத்தான், எடுத்தான், மறுபடி சாவி கொடுத்தான். தகரத்தில் இடித்துவிடாமல் முழங்கையை ஜாக்கிரதையாக ஒடுக்கிக்கொண்டான். அந்த அளவுக்கு அவனுக்கு இரக்கம் இருந்தது. அதற்கு மேல் இல்லை. இப்படி ஒரு ஈனப்பிறவியைக் கிள்ளான் பாதிரியார்கள் எப்படிப் பூசைக்கு உதவியாளாக வைத்திருந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

இருபது இருபத்தைந்து பேர் போனபிறகு நல்லம்மாளின் முறை வந்தது.

இவள் ஒன்பதாங்கட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது ஜெராம் தோட்டத்தில். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தாறு வருடம் ராஃபேல் கிராணி வீட்டில் வேலை செய்தவள். கிராணியம்மா நோயாளி என்பதால் பிள்ளையைத் தூக்கியது, குளிப்பாட்டியது, சோறூட்டியது எல்லாம் அவள்தான். அமலதாஸ் அவளை லென்ஸில் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. தோட்டத்து முகம் எல்லாம் அவனுக்கு ஒரே முகம். இவள் இன்னும் சிரிக்கவில்லையே என்று மட்டும் பார்த்தான்.

நல்லம்மாள் கார்டை எடுக்கவில்லை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லனைக் கொண்டுபோன நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தவன் யார்? பக்கத்து லயத்துக்காரனா? கூடவே பால் மரம் சீவினவனா? சீனனா, தமிழனா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு தன்னைச் சுட்டாலும் சரி என்று பலரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சிரி நல்லம்மா, சிரிச்சுடு," என்று சன்னாசி பின்னாலிருந்து கெஞ்சினான்.

அவள் இரண்டு கையாலும் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மலிவான துணிதானே, கட்டோடு அறுந்து காலடியில் விழுந்தது.

உள்ளே ஒரு பயல் உள்காற்சட்டையோடு மண்டியிட்டுக் கிடந்தான். மூஞ்சியெல்லாம் துணியின் கறுப்புச் சாயம். ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தான், வாய் பிளந்திருந்தது. திடீரென்று வந்த வெளிச்சத்தில் கூசிப்போய் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் கொடுத்து மறைத்துக்கொண்டான். கேமரா மட்டும் முறுக்கிவிட்ட விசையில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நல்லம்மாள் உற்றுப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்து நழுவிப் படியில் விழுந்ததில் வந்த தழும்பு.

"அட, நம்ம கிராணி ஐயா வூட்டு தாசு!" என்றாள். "நீயாடா? நீயாடா உள்ள குந்திக்கிட்டு எங்கள சிரிக்கச் சொன்ன?"

அவன் ஒரு காலால் காற்சட்டையைத் துழாவினான். 

"எமன் உக்காந்திருக்கான்னு நெனச்சேனே! உனக்குக் குண்டி கழுவி விட்டவடா நான்! இருட்டுல ஒண்ணுக்குப் போகக்கூட என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவியேடா! உனக்கா... உனக்கா நாங்க இத்தன பேரும் கார்ட காட்டிக்கிட்டு நின்னோம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாக வராத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையாட்டி என்று நினைத்து நடுங்கினது இந்த அம்மணக்குண்டிப் பயலுக்கா? வரிசை உடைந்தது. சன்னாசி சிரித்தான். மூத்திரம் போன பெண்ணும் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பதாங்கட்டைத் தோட்டமே சிரித்தது. தமிழ் தெரியாத போலீஸ்காரர்கள்கூட விஷயம் விளங்கிச் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பங்களாவிலிருந்து துரை வந்தார். திடல் முழுக்கச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிவானந்தம் முன்சீட்டிலிருந்து எழுந்து வந்தார். காற்சட்டைக்குள் காலை நுழைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"எடுத்தியே?"

"எடுத்தேன், சார்."

மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் படத்தைப் போட்டார்கள். பல்லைக் காட்டிவிட்டுப் போன முகங்களைப் பார்த்ததும் துரை கையை ஆட்டினார். பல்வலிக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள், எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள் என்றார். அப்புறம் நல்லம்மாள் வந்தாள். துணி விழுந்தது. அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் முந்நூறு பேர் சிரித்தார்கள். துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த அரை நிமிடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். இந்த அலுவலகம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தைப் படம் பிடித்ததில்லை என்றார். படத்துக்குச் சத்தம் கிடையாது. அவள் பேசியது அதில் இல்லை. அக்கார்டியன் இசையைச் சேர்த்தார்கள். சிவானந்தம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி எழுதிக்கொடுத்தார். அமலதாஸுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

தன்னைப் பார்த்து முந்நூறு பேர் காறித் துப்பாத குறையாகச் சிரித்த சிரிப்பை விற்று வேலை வாங்கிய ஆள் இந்த நாட்டில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கோலசிலாங்கூர் கொட்டகையில் மத்தியான ஆட்டத்துக்கு முன்னால் அந்தச் செய்திப்படத்தைக் காட்டினார்கள். ராஃபேல் இஸ்திரி போட்ட சட்டையில் மகனோடு போனார். இடது பக்கம் இருந்தவரிடமும் வலது பக்கம் இருந்தவரிடமும், "கேமரா புடிச்சது நம்ம பையன்," என்று சொன்னார். நல்லம்மாள் திரையில் வந்ததும் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நம்ம நல்லம்மாடா! புருசன கொண்டுபோன பொறவு அவ சிரிச்சே யாரும் பாக்கலம்பாங்களே. வாய் அசையுதே, உன்னப் பாத்துத்தான் பேசுறா. என்னடா சொல்றா?"

"வாழ்த்துனாப்பா," என்றான் அமலதாஸ்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி, மகனை வாழ்த்தியவளுக்கு நன்றி சொல்ல ஒன்பதாங்கட்டைக்கே போய்விட்டார். அமலதாஸ் ஜெராம் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மூன்று மணி பஸ்ஸில் அவர் திரும்பி வந்தார்.

"நன்றி சொன்னேன்டா. கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தா. அப்பறம், ஆமாங்க ஐயா, வாழ்த்துனேன்னு சொன்னா. காப்பி போட்டுக் குடுத்தா."

அமலதாஸுக்கு மூச்சு வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. அந்தப் படத்த முகாம்லயும் காட்டுவாங்களாமே? செல்லன் இருக்குற முகாமுக்குப் போனா அவ மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துடணுமாம். நாம இங்க கெடக்கோம், அவ வெளிய சிரிச்சுக்கிட்டுத் திரியிறான்னு அவரு நெனச்சுடுவாருன்னு சொல்லி அழுவுறா. உன்னால முடியும்லடா? நீதான எடுத்த?"

"சொல்லிப் பாக்குறேம்பா."

அவன் சொல்லவில்லை. கத்தரிக்கோல் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏன் என்று சிவானந்தம் கேட்பார். அந்த அரை நிமிடத்தை வெட்டிவிட்டால் அமலதாஸ் எடுத்தது என்று சொல்ல அந்தப் படத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை படவண்டி அந்த முகாமுக்குப் போனது. புது ஊழியன் என்று அவனையே அனுப்பினார்கள். சன்னல்களைச் சாக்கால் மூடிய ஒரு கூடத்தில் மத்தியானம் நானூறு ஆண்களை உட்கார வைத்துப் படத்தை ஓட்டினான். நல்லம்மாள் திரையில் வந்தபோது நடுவரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி இழுத்தார்கள். அவன் உட்காரவில்லை. அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் உட்கார்ந்தான்.

படம் முடிந்து அமலதாஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். மெலிந்து போயிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

"ஐயா, மன்னிக்கணும். ஒன்பதாங்கட்டையில ஒரு பொம்பள சிரிச்சுச்சே, அது என் சம்சாரம். அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னாத்துக்குச் சிரிச்சான்னு தெரிஞ்சா தேவலாம்ங்க. படம் எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

உலகத்தில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் அவனுக்கு எதிரிலேயே நின்றான். உன்னைக் கொண்டுபோனவனைத் தேடித்தான் அவள் துணியை இழுத்தாள், உள்ளே என்னைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அதைக் கேட்டிருந்தால் செல்லன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பான், ஒருவேளை சிரித்துக்கூட இருப்பான்.

"அத நான் எடுக்கலீங்க," என்றான் அமலதாஸ். "எடுத்தது வேற ஆளு."